மருத்துவச் சொற்களுக்கு எண் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனைக் கணினிகள் ஒன்றோடு ஒன்று பேச வேண்டுமென்றால், நோய், பரிசோதனை, மருந்து ஆகியவற்றின் பெயர்கள் எல்லா இடத்திலும் ஒரே பொருளில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருகிறார்கள். பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவர்களும், மருத்துவ மென்பொருள் எழுதப் புதிதாக வரும் பிள்ளைகளும், சில சமயம் நோயாளிகளும் இதைப் பற்றிக் கேட்பவை இங்கே.

டாக்டர் எழுதுவது இன்னொரு டாக்டருக்குப் புரிகிறதே, அப்புறம் என்ன பிரச்சினை?

மனிதருக்கு மனிதர் பெரிய பிரச்சினை இல்லைதான். உயர் ரத்த அழுத்தம் உள்ளவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒருவர் 'எச்டிஎன்' என்று எழுதுவார். தமிழ்நாட்டில் பல இடங்களில் 'எஸ்எச்டி' என்பார்கள். இன்னொருவர் 'ஹைப்பர்டென்ஷன்' என்று முழுதாக எழுதுவார். அவசரத்தில் 'பிபி பேஷண்ட்' என்று முடிப்பவர்களும் உண்டு. நான்கையும் படிக்கிற டாக்டர் ஒரு நொடிகூடத் தயங்க மாட்டார்.

கணினிக்கு இவை நான்கு வேறு எழுத்துக் கோவைகள், அவ்வளவுதான். 'போன வருஷம் நம்மிடம் வந்தவர்களில் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எத்தனை பேர்?' என்று கேட்டால், நீங்கள் எந்தச் சொல்லைத் தட்டினீர்களோ அந்தச் சொல்லில் எழுதப்பட்டவர்களை மட்டும் எண்ணித் தரும். விட்டுப்போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. மாவட்ட அளவில் மருந்து வாங்கத் திட்டமிடுகிறவர் கைக்கு அந்த எண்தான் போகிறது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு: ஒரே சுருக்கம், பல பொருள். 'எம்எஸ்' என்றால் இதய டாக்டருக்கு மைட்ரல் வால்வு சுருக்கம், நரம்பு டாக்டருக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். 'ஓடி' என்பது மருந்துச் சீட்டில் ஒரு நாளைக்கு ஒரு முறை, கண் மருத்துவமனையில் வலது கண். 'பிடி' என்றால் பேஷண்ட், பிசியோதெரபி, ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் பரிசோதனை என்று மூன்று அர்த்தம்.

இப்போதைய ஏஐ இதையெல்லாம் தானே புரிந்துகொள்ளாதா?

பெரும்பாலும் புரிந்துகொள்ளும். சுற்றியுள்ள சொற்களை வைத்து 'எம்எஸ்' எது என்று நன்றாகவே ஊகிக்கும். எண் போடும் வேலைக்கு அதை உதவிக்கு வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஊகம் தப்பும்போது சத்தமே வராது. 'அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, இவருக்கு இல்லை' என்ற வரியிலிருந்து 'சர்க்கரை' மட்டும் பிடுங்கப்பட்டு நோயாளியின் பட்டியலில் ஏறிவிட்டால், அடுத்த ஐந்து வருஷத்துக்கு அவர் எல்லா இடத்திலும் சர்க்கரை நோயாளிதான். குடும்பத்தில் சர்க்கரை நோய் இருப்பதற்கு ஸ்னோமெட் என்ற மருத்துவச் சொல் பட்டியலில் தனி எண்ணே இருக்கிறது (160303001). ஊகித்ததை எதில் கொண்டுபோய் நிறுத்துவது என்பதற்காவது ஒரு பொதுப் பட்டியல் வேண்டுமே.

இது கணினி வந்த பிறகு முளைத்த தலைவலியா?

இல்லை, பல நூற்றாண்டுப் பழசு. 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் வாராவாரம் இறப்புப் பட்டியல் அச்சிடுவார்கள். இறந்தவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து காரணம் சொல்வதற்கென்று வயதான பெண்களை வைத்திருந்தார்கள். 1662-இல் ஜான் கிராண்ட் அந்தப் பட்டியல்களை ஆராய்ந்து புத்தகம் போட்டார். அதில் 'பல்' என்றுகூட ஒரு சாவுக் காரணம் இருக்கிறது. பல் முளைக்கிற வயதில் இறந்த குழந்தைகள் அதில் போனார்கள். 'திடீரென்று' என்பதும் ஒரு காரணம். சிரிப்பு வரலாம். நம் ஊர்ச் சான்றிதழ்களைப் பற்றிக் கீழே வரும்போது சிரிப்பு கொஞ்சம் குறையும்.

1839-இல் இங்கிலாந்தின் புள்ளிவிவர அலுவலர் வில்லியம் ஃபார், ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர்கள், ஒரே பெயருக்குப் பல நோய்கள் என்று அரசு அறிக்கையிலேயே புலம்பினார். 1893-இல் பிரெஞ்சுக்காரர் ஜாக் பெர்ட்டியோன் சாவுக் காரணங்களுக்கு ஒரு சர்வதேசப் பட்டியலைத் தந்தார். 1948-இல் உலக சுகாதார நிறுவனம் அதன் ஆறாவது திருத்தத்தைக் கையில் எடுத்தது. இன்றைய ஐசிடி-11, அதாவது சர்வதேச நோய் வகைப்பாட்டின் 11-ஆவது திருத்தம், அந்தப் பட்டியலின் வாரிசுதான். 2019-இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஐசிடி இருக்கும்போது ஸ்னோமெட் எதற்கு? இரண்டு வேலையா?

அதிகம் வருகிற கேள்வி இது. ஐசிடியை அஞ்சறைப்பெட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கடுகு ஒரு அறையில்தான் இருக்க முடியும், இரண்டில் இருக்க முடியாது. எந்த அறையிலும் சேராததைப் போட 'மற்றவை' என்று ஓர் அறை. எண்ணிக்கை எடுப்பதற்கு இந்த ஒழுங்கு அவசியம், இல்லாவிட்டால் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணிவிடுவோம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அரசுப் புள்ளிவிவரத்துக்கும் இது போதும்.

நோயாளியைப் பார்க்கிற டாக்டருக்குப் போதாது. அவருக்கு வேண்டியது அகராதி. ஸ்னோமெட் சிடி அந்த வேலையைச் செய்கிறது. அமெரிக்க நோய்க்குறியியல் கல்லூரி வைத்திருந்த சொல்தொகுதியும், பிரிட்டனில் குடும்ப மருத்துவர்கள் பயன்படுத்திய ரீட் குறியீடுகளின் மூன்றாம் பதிப்பும் ஒன்றாகி, 2002-இல் முதல் வெளியீடு வந்தது. இன்று அதில் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் இருக்கின்றன. 'மற்றவை' என்ற அறைக்கு அதில் இடமில்லை. வைரஸ் நிமோனியா அங்கே நிமோனியாவின் கீழும் இருக்கும், வைரஸ் நோய்களின் கீழும் இருக்கும்.

ஆக, எழுதும்போது ஸ்னோமெட், எண்ணும்போது ஐசிடி. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்ற அட்டவணைகள் இருக்கின்றன. திரும்பி வர வழியில்லை. பொடித்த மசாலாவை மறுபடி மிளகாயாகவும் மல்லியாகவும் பிரிக்க முடியுமா?

அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

22298006 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். மாரடைப்புக்கு ஸ்னோமெட் தந்த எண். எண்ணைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எண்ணுக்குள் அர்த்தத்தைப் புதைத்துவிட்டால், நாளை மருத்துவ அறிவு மாறும்போது எண்ணையும் மாற்ற வேண்டியிருக்கும். கடைசி இலக்கம் மட்டும் தட்டச்சுப் பிழையைப் பிடிப்பதற்கு.

அந்த எண்ணோடு இரண்டு விஷயங்கள் ஒட்டியிருக்கும். முதலாவது, பெயர்கள். 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்', 'ஹார்ட் அட்டாக்' எல்லாம் ஒரே எண்ணின் பெயர்கள். 'மாரடைப்பு' என்ற தமிழ்ச் சொல்லையும் அதே எண்ணில் சேர்க்க முடியும், அமைப்பு அதற்கு இடம் தருகிறது. இரண்டாவது, உறவுகள். இது எந்த நோய் வகையைச் சேர்ந்தது, உடம்பில் எந்த இடம், திசுவில் என்ன மாற்றம் என்பவை. இந்த உறவுகளால்தான் 'சர்க்கரை நோய் உள்ள எல்லோரும்' (73211009) என்று ஒரு முறை கேட்டால், இரண்டாம் வகை (44054006) உட்பட அதன் பிள்ளை குட்டிகள் எல்லாம் சேர்ந்து வருகின்றன.

டாக்டர்கள் எல்லோரும் ஒரே சொல்லை எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அவரவர் சொல் அவரவருக்கு. அடியில் ஓடுகிற எண் ஒன்றாக இருந்தால் சரி.

லேப் ரிப்போர்ட்டில் எண்கள்தானே இருக்கின்றன, அதிலுமா குழப்பம்?

அதில்தான் அதிகம். நான் பார்த்த ஒரு பரிசோதனைக் கூடத்தின் மென்பொருளில் வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 'எஃப்பிஎஸ்', 'குளுக்கோஸ் எஃப்', 'ஃபாஸ்டிங் சுகர்', 'சுகர் (எஃப்)' என்று நான்கு பெயர்கள் இருந்தன. கிளைக்கு ஒருவர் பெயர் வைத்திருக்கிறார். ஒரே நோயாளியின் மூன்று வருஷச் சர்க்கரை அளவை ஒரே கோட்டில் வரைந்து பார்க்க முடியவில்லை. பெயருக்கு ஒன்றாக நான்கு துண்டுக் கோடுகள்தான் வந்தன.

இதற்காகத்தான் லாயிங்க் என்ற பரிசோதனைக் குறியீட்டுத் தொகுதி. அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரத்து ரீஜென்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994-இல் தொடங்கியது, இலவசம். ஒரு பரிசோதனையை ஆறு கேள்விகளால் அடையாளம் காண்கிறது: எதை அளக்கிறோம், எந்தத் தன்மையை (எடையா, மூலக்கூறுகளை எண்ணும் மோல் கணக்கா), ஒரு நொடியிலா நாள் முழுவதுமா, எந்த மாதிரியில் (ரத்தம், சீரம், சிறுநீர்), விடை எண்ணா சொல்லா, எந்த முறை. சீரம் அல்லது பிளாஸ்மாவில் எடைக் கணக்கில் குளுக்கோஸ் என்றால் 2345-7. அதையே வெறும் வயிற்றில் எடுத்தால் 1558-6. மோல் கணக்கில் என்றால் 14749-6. நம் பார்வைக்கு எல்லாம் 'சுகர்'தான்.

மோல் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். லண்டனில் இருக்கும் மகன் தன் ரிப்போர்ட்டை மதுரையில் இருக்கும் அப்பாவுக்கு அனுப்புகிறான் என்று வையுங்கள். குளுக்கோஸ் 7 என்று இருக்கிறது. மில்லிகிராம் கணக்கில் பழகிய அப்பாவுக்குப் பையன் மயங்கிக் கிடப்பான் என்று பயம். அந்த 7-ஐ 18-ஆல் பெருக்கினால் 126, அவ்வளவுதான். டொரன்டோ ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 88 என்று இருந்தால் சிறுநீரகம் போயே போய்விட்டது என்று அழ வேண்டாம். 88.4-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1. மூன்று மாதச் சர்க்கரை சராசரியும் இப்படித்தான், நம் 6.5 சதவீதம் பிரிட்டனில் 48. மனிதர் பயந்து போன் செய்து கேட்டுவிடுவார். கணினி கேட்காது, 48-ஐ சதவீதமாகவே எடுத்துக்கொண்டு சிவப்பு விளக்கு போடும். அதனால் எண்ணோடு அலகும் ஒரு தரப்படுத்திய எழுத்தில் போக வேண்டும். அதற்கு யூக்கம் என்று ஒரு குறியீட்டு முறை இருக்கிறது.

மருந்துகளுக்கு?

மருந்துப் பொருள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 1950-களிலிருந்து பொதுப் பெயர் வைத்து வருகிறது. இருந்தும் நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்கா அசெட்டமினோஃபென் என்கிறது, சால்பியூட்டமாலை ஆல்பியூட்டரால் என்கிறது. நம் ஊரில் அதைவிடப் பெரிய தலைவலி பிராண்ட் பெயர். காய்ச்சலுக்கு ஒரு டாக்டர் டோலோ எழுதியிருப்பார், உடம்பு வலிக்கு இன்னொருவர் கால்பால் எழுதுவார். இரண்டும் பாராசிட்டமால். இரண்டு பெயருக்கும் அடியில் ஒரே மருந்தின் எண் இருந்தால் மென்பொருள் எச்சரிக்கும். இந்திய மருந்துகளுக்கென்று ஸ்னோமெட்டின் அடிப்படையில் ஒரு பொதுக் குறியீட்டுத் தொகுப்பும் வந்திருக்கிறது.

நோயாளி தமிழில் சொல்வதை எப்படி எண்ணாக்குவது?

எனக்குப் பிடித்த கேள்வி. கஷ்டமான கேள்வியும்கூட.

'குழந்தைக்கு இழுப்பு' என்று ஒரு தாய் சொல்கிறார். மூச்சு இழுப்பு என்றால் வீசிங், எண் 56018004. கை கால் இழுத்துக்கொண்டது என்றால் வலிப்பு, 91175000. முதலாவதுக்கு நெபுலைசர், இரண்டாவதுக்கு வேறு மருத்துவம், வேறு அவசரம். வாசலில் சீட்டுப் போடுகிறவர் 'இழுப்பு' என்று மட்டும் தட்டினால் போச்சு.

'மயக்கமா இருக்கு' என்றால் தலை சுற்றுகிறதா (404640003), நினைவு தப்பி விழுந்தாரா (271594007), அல்லது சோர்வைத்தான் அப்படிச் சொல்கிறாரா? 'அம்மை போட்டிருக்கு' என்றால் சின்னம்மையா (38907003), தட்டம்மையா (14189004)? பொன்னுக்கு வீங்கியைக்கூட அம்மைக்கட்டு என்று சொல்கிற ஊர்கள் உண்டு. சின்னம்மையும் தட்டம்மையும் வேறு கிருமிகள். தட்டம்மை என்றால் பொது சுகாதாரத் துறைக்குத் தகவல் போக வேண்டும். 'வாதம்' பக்கவாதமாகவும் இருக்கலாம், மூட்டு முடக்குவாதமாகவும் இருக்கலாம்.

இதைத் தமிழின் குறை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லா மொழியிலும் நோயாளிகள் இப்படித்தான் பேசுகிறார்கள். செய்ய வேண்டியது, தமிழ்ச் சொல்லுக்கு நேராக ஓர் எண்ணை ஒட்டிவிடாமல், சொல்லைத் தேர்ந்தவுடன் 'மூச்சா, கைகாலா?' என்று திரை இன்னொரு கேள்வி கேட்கிற மாதிரி மென்பொருளை அமைப்பது. கூடவே நோயாளி சொன்ன சொல்லையும் அப்படியே வைத்திருக்க வேண்டும். தகவல் பரிமாற்றத்துக்கான ஃபயர் என்ற தரத்தில் எண்ணுக்கு ஓர் இடமும், எழுதியவரின் சொந்தச் சொல்லுக்கு இன்னோர் இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நிறைய மென்பொருள்களில் இரண்டாவது இடம் காலியாகவே கிடப்பதுதான் வருத்தம்.

சித்த மருத்துவ நோய்ப் பெயர்கள் இதில் எங்கே வருகின்றன?

ஆயுஷ் அமைச்சகம் 2017-இல் நமஸ்தே என்ற தளத்தைத் தொடங்கி, சித்தம், ஆயுர்வேதம், யுனானி நோய்ப் பெயர்களுக்கு எண்கள் தந்தது. ஐசிடி-11-இல் 26-ஆவது அத்தியாயம் மரபு மருத்துவத்துக்கானது. முதலில் அதில் சீனா, ஜப்பான், கொரியா வழி மருத்துவம் மட்டும் இருந்தது. சித்தம் உள்ளிட்ட மூன்றுக்குமான இரண்டாம் பகுதி 2024 ஜனவரி 10 அன்று டெல்லியில் வெளியானது.

காளாஞ்சகப்படையைச் சோரியாசிஸ் என்றும், அழல் கீல்வாயுவை ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்றும் சித்த மருத்துவர்களே சொல்வது வழக்கம். பேசும்போது சரி. பதிவில் ஒன்றை அழித்து இன்னொன்றைப் போடக் கூடாது. வளி, அழல், ஐயம் (வாதம், பித்தம், கபம்) என்ற மூன்றின் நிலையைப் பார்த்துச் சொன்ன முடிவும், எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்ன முடிவும் ஒரே நோயாளியைப் பற்றியவைதான், ஒரே கூற்று அல்ல. அதனால்தான் இரண்டு எண்களையும் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். சாவுக் காரணத்துக்கு இந்த அத்தியாயத்தின் எண்களைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் விதி.

இந்தியாவில் எது கட்டாயம்? ஆபா எண் இருந்தால் போதாதா?

மத்திய சுகாதார அமைச்சகம் 2013-இல் மின்னணு மருத்துவப் பதிவுத் தரங்களை அறிவித்து 2016-இல் திருத்தியது. ஸ்னோமெட், லாயிங்க், ஐசிடி எல்லாம் அதில் இருக்கின்றன. 2014 முதல் இந்தியா ஸ்னோமெட் அமைப்பில் உறுப்பினர் என்பதால் நாட்டுக்குள் உரிமக் கட்டணம் இல்லை. புனேயில் மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கில் உள்ள தேசிய வள மையம் உதவி செய்கிறது.

ஆபா என்பது ஒவ்வொருவருக்கும் தரும் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு. அதன் 14 இலக்க எண் சொல்வது 'இது யாருடைய பதிவு' என்பதை மட்டும். பதிவுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் மருந்துச் சீட்டை ஸ்கேன் செய்து படமாகவும் அனுப்பலாம். போய்ச் சேரும், டாக்டர் படிக்கலாம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து எந்த மென்பொருளும் 'இவருக்குப் பெனிசிலின் ஆகாது' என்று எச்சரிக்கப் போவதில்லை.

ஒரு நோயாளிக்கு மூன்று நிமிஷம். டாக்டர் எங்கே எண் தேடுவார்?

தேட மாட்டார், தேடவும் கூடாது. மூன்று எழுத்து தட்டியதும் சரியான சொல் மேலே வர வேண்டும். 3.5 லட்சத்தையும் அவர் முன்னால் கொட்டினால் முதலில் தெரிவதைத் தொட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு துறைக்கும் அடிக்கடி வரும் சில நூறு சொற்களைத் தேர்ந்து தனிப் பட்டியலாக வைத்தாலே வேலை பெருமளவு முடிந்துவிடும். அந்தப் பட்டியலைத் தயாரிக்க அந்தத் துறை டாக்டர் ஒருவர் உட்கார வேண்டும். பல இடங்களில் இதைச் செய்யாமல் மென்பொருளுக்கு மட்டும் பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

பழைய பதிவுகளை என்ன செய்வது?

எல்லாவற்றையும் மாற்றப் போகாதீர்கள். எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதிகம் வருகிற சொற்களிலிருந்து தொடங்குங்கள். ஒரு மருத்துவமனையின் பழைய பட்டியலில் நோய்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ரிவ்யூ' என்றும் 'டாக்டர் லீவ்' என்றும் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். இவற்றுக்கெல்லாம் எண் தேட வேண்டியதில்லை. சந்தேகம் உள்ளதை நெருங்கிய எண்ணில் திணிக்காமல் சொல்லாகவே விட்டுவிடுங்கள்.

எண் போட்டுவிட்டால் ஒப்பீடு சரியாகிவிடுமா?

பதிப்பையும் பார்க்க வேண்டும். ஐசிடி-10-இல் டெங்கு காய்ச்சல் ஏ90, ரத்தக் கசிவு டெங்கு ஏ91. டெங்குவைத் தரம் பிரிக்கும் முறையையே 2009-இல் உலக சுகாதார நிறுவனம் மாற்றியது. பிற்பாடு அந்த இரண்டு எண்களையும் எடுத்துவிட்டு ஏ97 என்று புதிதாக வைத்தது. பழைய எண்ணை மட்டும் வைத்துத் தேடுகிறவருக்கு ஒரு வருஷத்தோடு டெங்கு ஒழிந்துவிட்ட மாதிரி தெரியும்.

கொரோனாவிலும் இதே கதை. சோதனையில் உறுதியானால் யு07.1, உறுதியாகாமல் டாக்டரின் கணிப்பு மட்டும் என்றால் யு07.2. இரண்டாவதைச் சேர்த்து எண்ணுவதா வேண்டாமா என்பதைப் பொறுத்து மொத்த எண்ணிக்கை மாறும்.

இறப்புச் சான்றிதழில் 'இதயம் நின்றதால் மரணம்' என்று எழுதலாமா?

கூடாது. யார் இறந்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும். மருத்துவமனைச் சாவுக்குப் படிவம் 4, வெளியே நேர்ந்ததற்கு 4ஏ. இரண்டிலும் கேட்பது சாவுக்கு இட்டுச்சென்ற அடிப்படை நோயை: சர்க்கரை நோய், அதனால் சிறுநீரகச் செயலிழப்பு, அதனால் இது என்று சங்கிலியாக. இருந்தும் 'கார்டியாக் அரெஸ்ட்' என்று ஒரே வரியில் முடிந்த சான்றிதழ்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. லண்டன்காரர்களின் 'திடீரென்று' இதைவிட எந்த விதத்தில் மோசம்?

நான் நோயாளி. எனக்கு இதில் செய்ய ஏதாவது இருக்கிறதா?

கொஞ்சம் இருக்கிறது. மருந்தின் பிராண்டோடு அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் எழுதி வையுங்கள். லேப் முடிவைப் போனில் சொல்லும்போது அலகையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், அதன் பெயரோடு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள். தடிப்பு வேறு, வயிற்றுப் புரட்டல் வேறு. வாசலில் சீட்டுப் போடுகிறவரிடம் 'இழுப்பு' என்றால், மூச்சா கைகாலா என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.